எண்பத்தேழாம் மூலகத்தின் வரலாறு

அரிய பொருள் எதுவெனக் கேட்டால் எமது பெரியோர் பொன் என்பர். கல்லூரி மாணவன் பிளாற்றினம் என்பான். இன்னுஞ் சற்றுக் கற்றவன் இரேடியம் என்பான். எண்பத்தேழாம் மூலகமாகிய பிரான்சியத்தின் முன்னே இம்மூன்றும் மலிந்த சரக்குகளேயாம். பூமியின் மேலோடு முழுவதையும் தோண்டி அரித்தாலும் ஒரு வேளையில் அகப்படக்கூடிய பிரான்சியம் ஏறத்தாழ 30 கிராம் என மதிப்பிட்டுள்ளனர். எமது வீட்டுப் பெண்கள் பேசும் கணக்கிற் சொல்வதாயின் நாலு பவுணுக்கும் சற்றுக் குறைவு. உலகம் முழுவதற்கும் நாலு பவுண்! அதனையும் ஒருவர் திரட்டித் தராசுத் தட்டில் வைக்க இயலாது, திரட்டிக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். பிரான்சியத்தின் எந்தத் துளியை எடுத்தாலும் 22 நிமிடத்திற் பாதி வேறு பொருளாக மாறிவிடும். அடுத்த 22 நிமிடத்தில் எஞ்சியதிற் பாதி மாறும். ஒரு மணி 6 நிமிடம் கழிந்தால் எட்டிலொரு பங்கே மிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை எனலாம். இம்மலரை விரித்து இக்கட்டுரையை நிதானமாக வாசிக்கும் அன்பர் கடைசி வரிக்கு வருவதற்குள், அவர் தொடங்கியபோது உலகிலிருந்த பிரான்சிய அணுக்களிற் பெரும் பகுதி இல்லாதொழிந்திருக்கும். அழிவதற்கு ஈடாகப் புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பதனாலேதான் அந்த நாலு பவுண் கணக்குக் குறையாது நிற்கின்றது.

இத்தகைய பொருளை எவர் கண்டார், எவ்வாறு கண்டார் என்பதைச் சொல்லவே நாம் முற்பட்டோம். கண்டவர் பட்டம் பெற்ற பேரறிஞர் அல்லர். பிறருடைய ஆராய்ச்சிக்கு வேண்டிய உப்புக்களைச் சுத்தஞ் செய்து கொடுப்பதை உத்தியோகமாகக் கொண்டிருந்த 29 வயதுப் பெண்ணொருவர். பெயர் பெற்ற விஞ்ஞானிகள் பலர் பெரும் பொறிகளைக் கொண்டு தேடியும் காணாததை அவர் கண்டார். அவரோ அதனைத் தேடிக்கூட இருக்கவில்லை.

கதை 1869 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. உருசிய நாட்டு அறிஞர் மெண்டலீவ் அக்காலத்தில் அறியப்பட்டிருந்த மூலகங்களை நிறைப்படியும் குணப்படியும் வரிசைப்படுத்தி ஆவர்த்தன அட்டவணையை அமைத்தார். பரீட்சைக்காக அவ்வட்டவணையை மனனஞ் செய்து அலுத்துப்போன எமது இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெண்டலீவின் பெருமை அவர் நிரப்பிய கட்டங்களிலன்று, துணிந்து வெறுமையாக விட்ட கட்டங்களிலேயே இருக்கின்றது. இவ்விடத்திற்குரியவர் இன்னும் வரவில்லை, வருவார் என்று ஆசனம் போட்டு வைத்தார் அவர். அவ்வாறு போடப்பட்ட ஆசனங்களுள் ஒன்று சீசியத்தின் கீழே இருந்தது.

1913 இல் ஆங்கில இளைஞரான மோஸ்லி, மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டென நிலைநாட்டினார். அணுவின் கருவிலுள்ள நேரேற்றத்தின் தொகையே அவ்வெண். அதன் பின்னர் எத்தனை ஆசனங்கள் வெறுமையாக உள்ளன என்பதிற் சந்தேகத்திற்கு இடமில்லாது போயிற்று. மோஸ்லி 1915 இல், 27 வயதில், கலிப்போலிப் போர்க்களத்தில் மாண்டார். அவர் காட்டிச் சென்ற வழியாலே 1923 இல் 72 ஆம் மூலகமும் 1925 இல் 75 ஆம் மூலகமும் கிடைத்தன. 43, 61, 85, 87 என்னும் நான்கு இடங்கள் மட்டும் உறுதியாக நிரப்பப்படாது நின்றன.

87 ஆம் இடத்திற்கு வரவேண்டியவர் எக்குலத்தவர் என்பது முன்னரே தெரியும். இலித்தியம், சோடியம், பொற்றாசியம், உருபீடியம், சீசியம் என்ற கார உலோகங்களின் குலத்திற்கு அவர் கடைக்குட்டி. சோடியத் துண்டொன்றை நீரில் இட்டால் அது சீறிக்கொண்டு ஓடுவதைக் கல்லூரி ஆய்வுகூடத்திற் பலர் கண்டிருப்பர். குலத்திற் கீழே செல்லச் செல்ல இச்சீற்றம் மிகும். சீசியம் நீரைத் தொட்டதும் வெடிக்கும்; உருகுநிலையும் 28.5 பாகை சதமளவே ஆதலின் எமது நாட்டு வெயிலிலே குப்பிக்குள்ளேயே உருகி நிற்கும். ஆகவே அதற்கும் கீழே வரும் 87 ஆம் மூலகம் எல்லாவற்றிலும் உக்கிரமானதாயிருக்குமென யாவரும் எண்ணினர். இவ்வெண்ணம் எவ்வளவிற்குச் சரியென்பதைப் பின்னர் பார்ப்போம்.

குலம் தெரிந்தமையால் தேடுமிடமும் தெரிந்துவிட்டதென நினைத்தனர். ஒரே குணமுடைய மூலகங்கள் இயற்கையில் ஒரே தாதுவிற் கூடிக் கிடப்பது வழக்கம். உருபீடியம் கிடக்குமிடத்திற் சீசியமும் கிடக்கும். சீசியம் கிடக்குமிடத்தில் 87 உம் கிடக்க வேண்டாமா? நியாயமான வாதந்தான். இவ்வாதத்தை நம்பிச் சென்றவர்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை.

1925 இல் டொப்ரோசெர்டொவ் என்ற விஞ்ஞானி பொற்றாசிய உப்பொன்றிலே மெல்லிய கதிர்வீச்சைக் கண்டு, இது 87 இன் வேலையே என்று முடிவு கட்டினார். தமது நாட்டின் பெயரால் 'உருசியம்' எனப் பெயருமிட்டார். உண்மையில் அக்கதிர் பொற்றாசியத்தினுடையதே. எமது உணவிலும் உடம்பிலுமுள்ள பொற்றாசியத்திலுங்கூட அத்தகைய கதிர்வீசும் அணுக்கள் சிறிதளவு உண்டு. அடுத்த ஆண்டில் இலண்டனிலிருந்து லோரிங், துரூஸ் என்ற இருவர் எக்ஸ் கதிர்ப் படத்திற் சில கோடுகளைக் கண்டு 'அல்கலினியம்' என்றனர். 1930 இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து அலிசன் என்ற பேராசிரியர், ஒளியையும் காந்தத்தையும் இணைத்துத் தாமே அமைத்த பொறியொன்றினால் 87 ஐக் கண்டதாக அறிவித்துத் தாம் பிறந்த மாநிலத்தின் பெயரால் 'வேர்ஜினியம்' என்றார். அவருடைய பொறியில் ஒளி மங்கும் கணத்தைப் பார்ப்பவர் தமது கண்ணாலேயே தீர்மானிக்க வேண்டும். காண விரும்பிய கண் கண்டது! 1934 இல் மக்பேர்சன் என்பவர் அம்முறை பயனற்றதெனக் காட்டினார். எனினும் வேர்ஜினியம் என்ற பெயர் சில அட்டவணைகளில் ஏறிவிட்டது. ஏறிய பெயரை இறக்குவது எத்துணைக் கடினமென்பது சங்கங்களில் உத்தியோகத்தர் தெரிவு செய்து பழகிய எமக்குத் தெரியாததன்று.

இவர்களுள் மிகத் திறமையாக உழைத்தவர் உருமேனியரான ஹுலுபெய். பரிஸ் நகரில் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியில் தேர்ந்தவராயிருந்த அவர், 1936 இல் சீசியத் தாதுவான பொலுசைற்றில் மெல்லிய கோடுகள் சிலவற்றைக் கண்டு, தமது பிறப்பிடத்தின் பெயரால் 'மொல்டேவியம்' என அறிவித்தார். நோபல் பரிசு பெற்ற ஜீன் பெரன் என்னும் பெரியார் இக்கருத்தை ஆதரித்து நின்றமையால் அதனை அலட்சியம் செய்யவும் ஒருவராலும் முடியவில்லை.

இவர்கள் எல்லாரும் 87 ஐ அதன் இனத்தார் வீட்டிலே தேடினர். தாய் வீட்டிற் தேடவில்லை. நிலையான மூலகமாயின் இனத்தாரோடு கூடியிருக்கும். நிமிடக் கணக்கில் ஆயுளுடைய மூலகம் அவ்வாறு பிரிந்து சென்று இனத்தாரோடு வாழக் காலமேது? தன்னை ஈன்ற பொருளின் மடியிலேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடும். தாய் வீட்டின் வாயிலில் மட்டும் ஒரு குறிப்பு முன்னரே கிடைத்திருந்தது. 1914 இல் வியன்னாவில் மேயர், ஹெஸ், பானெத் என்னும் மூவர், அக்டினியம் என்ற மூலகத்திலிருந்து சிறிதளவு அல்பாக் கதிர் வருவதாகக் கண்டனர். அழுக்கினால் நேர்ந்ததோ என்ற ஐயம் இருந்தது. அக்குறிப்பு அப்படியே கிடந்தது.

இனி அப்பெண்ணின் வரலாற்றுக்கு வருவோம். மார்கரீற் பெரே 1909 ஆம் ஆண்டு ஒக்டோபர் 19 இல் பரிஸ் நகரின் அயலிலுள்ள வில்மொம்பிள் என்னுமூரிற் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் இளையவர். தந்தையார் மாவாலை ஒன்றின் சொந்தக்காரர். 1914 இல் அவர் இறந்ததும் குடும்பம் நொடித்தது. வைத்தியராக வேண்டுமென்பது சிறுமியின் ஆசை. பணமில்லை. ஆதலின் பெண்களுக்கான தொழிற் பாடசாலையொன்றில் இரசாயனத் துறையிற் பயின்று 1929 இல் ஆய்வுகூட உதவியாளருக்குரிய தராதரப் பத்திரம் பெற்றார். அவ்வாண்டிலேயே, 19 வயதில், பரிஸ் இரேடிய நிலையத்தில் மேரி கியூரி அம்மையாரின் உதவியாளராகச் சேர்ந்தார்.

வேலைக்கு நேர்முகங் காணச் சென்ற நாளைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கின்றார். இருளடைந்த கூடம். நிழல்போல ஒருவர் வந்தார். கறுப்பு உடை, நரைத்த கொண்டை, தடித்த மூக்குக் கண்ணாடி. யாரோ காரியாலயத்துப் பெண்மணி என்றெண்ணிப் பேசத் தொடங்கியவர், தம்முன் நிற்பவர் கியூரி அம்மையாரே என்பதைச் சற்றுப் பிந்தியே உணர்ந்தார். வேலை கிடைக்காது என்ற நினைவோடும், இவ்விடத்திற்கு மீண்டும் வரவேண்டியதில்லை என்ற ஆறுதலோடும் வீடு திரும்பினார். சில நாட்களில் நியமனக் கடிதம் வந்துவிட்டது.

கொடுக்கப்பட்ட வேலை அக்டினியத்தைச் சுத்தஞ் செய்வது. அக்டினியம் 89 ஆம் மூலகம். கியூரி தம்பதிகளின் தோழரான டெபியேர்ன் 1899 இற் கண்டது. தாதுவிலுள்ள ஒரு தொன் யுரேனியத்தோடு இருப்பது ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் அக்டினியம். அதுவும் இலந்தனம் முதலிய அருமண் உலோகங்களோடு ஒன்றாகக் கலந்திருக்கும்; அவற்றின் குணமும் அக்டினியத்தின் குணமும் ஏறக்குறைய ஒன்றே. வீழ்படிவாக்கி, வடித்து, கரைத்து, மீண்டும் வீழ்படிவாக்கி, அளந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வேலையைப் பெரே பத்தாண்டு செய்தார். 1934 ஜூலை 4 இல் கியூரி அம்மையார் இரத்தச் சோகை நோயால் இறந்தார். அந்நோய்க்கு அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்ட கதிர்ப் பொருள்களே காரணமெனக் கருதப்படுகின்றது. அதன் பின்னரும் டெபியேர்ன், கியூரியின் மகளார் ஐரீன் ஜோலியோ-கியூரி ஆகியோருக்காகப் பெரே அதே அக்டினியத்தையே சுத்தஞ் செய்துகொண்டிருந்தார்.

இங்கே ஓர் இடையூறு உண்டு. கதையின் உயிர்நாடியும் அதுவே. எமது வீடுகளில் அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும்போது, கல்லை நீக்கினால் நீக்கியதுதான். அக்டினியம் அப்படியன்று. நீக்கிய கல் உடனே மீண்டும் முளைக்கத் தொடங்கும். அக்டினிய அணு சிதைந்து தோரியமாகும், அது இரேடியமாகும், அது கதிர்வீசும் வாயுவாகும், பின்னர் ஈயம், பிசுமதம் என்று பரம்பரை நீளும். இம்மக்களும் பேரர்களும் தாயைவிட வலிமையாகக் கதிர்வீசுவர். தாயாகிய அக்டினியத்தின் கதிரோ மிக மெல்லியது. கூட்டத்தின் ஆரவாரத்திலே கிழவியின் முணுமுணுப்பைக் கேட்பதெப்படி? ஆகவே அக்டினியத்தை அளந்தவர்கள் உண்மையில் அதன் சந்ததியையே அளந்துகொண்டிருந்தனர்.

1935 அளவில் அமெரிக்க விஞ்ஞானிகள் அக்டினியத்தின் பீற்றாக் கதிரை அளந்து வெளியிட்ட கட்டுரையொன்றைப் பெரே வாசித்தார். அதிற் கூறிய சத்தி அக்டினியத்திற்குப் பொருந்தவில்லையென அவருக்குப் பட்டது. பல ஆண்டு கையால் தொட்டுப் பழகியவருக்கு வரும் ஐயம் அது, புத்தகத்தால் வருவதன்று. முன்னெவரும் செய்யாத அளவிற்கு அக்டினியத்தைச் சுத்தஞ் செய்து, சந்ததி முளைக்குமுன் அளந்து பார்ப்பதென அவர் தீர்மானித்தார்.

1938 இன் கடைசியிலும் 1939 தொடக்கத்திலும் இது நடந்தது. தோரியம், இரேடியம், ஈயம், பிசுமதம் என ஒவ்வொரு மகவையும் விலக்கி, விலக்கி முடிந்த கணத்திலேயே அக்டினியத்தை அளவு கருவியிடம் கொண்டு சென்றார். நிமிடத்திற்கு நிமிடம் குறித்தார். பீற்றாக் கதிர் உயர்ந்துகொண்டே வந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஒரு மட்டத்திற்கு வந்தது. அவ்வுயர்ச்சியின் போக்கைக் கணித்தால், அதை உண்டாக்கும் பொருளின் அரைவாழ்வுக் காலம் 21 நிமிடம் என வந்தது. அறியப்பட்ட சந்ததியுள் எவருக்கும் அந்த ஆயுள் இல்லை. இது புதியவர்.

புதியவர் யார்? அல்பாத் துணிக்கை ஒன்றை இழக்கும் அணு தன் எண்ணில் இரண்டைக் குறைத்துக்கொள்ளும். 89 இலிருந்து 2 போக 87. எமது பாலர் வகுப்புக் கணக்கு! கணக்கு மாத்திரம் போதாதென்பதை முன்னையோருடைய அனுபவம் காட்டியிருந்தது. ஆதலின் பெரே இரசாயனச் சான்று தேடினார். அக்டினியம் முதலியவற்றை வீழ்படிவாக்கி அகற்றியபோதும் புதியவர் கரைசலிலேயே நின்றார். கார உலோகங்களின் வழக்கம் அது. பின்னர் கரைசலிற் சீசிய உப்பைச் சிறிது சேர்த்துப் பேர்குளோரேற்றாக வீழ்படிவாக்கினார். சீசியம் கீழே விழுந்தபோது புதியவரும் அதனோடு கூடவே விழுந்தார். அப்போதுதான் 87 தன் இனத்தாரோடு சேர்ந்தது. இவை யாவும் சில நிமிடங்களுள் முடிக்க வேண்டிய வேலைகள் என்பதை வாசகர் மறவாதிருப்பாராக. கை சற்றுத் தடுமாறினால் ஆராயும் பொருளே இல்லாது போய்விடும்.

இவ்வளவு காலமும் இது ஒளித்திருந்தமைக்கு இன்னுமொரு காரணம் உண்டு. நாம் இதனை மிகவும் இரசித்தோம். 1,000 அக்டினிய அணுக்கள் சிதைந்தால் அவற்றுள் ஏறத்தாழ 986 தோரியமாகி, பின்னர் இரேடியமாகும். எஞ்சிய 14 மட்டுமே 87 ஆகும். அந்த 87 உம் பீற்றாக் கதிர் ஒன்றை விட்டு எண்ணில் ஒன்று கூடி 88 ஆகும். அதாவது அதே இரேடியமாகும். பெருந்தெருவாற் சென்றவர்களும் ஒழுங்கையாற் சென்றவர்களும் ஒரே கோயில் வாசலிற் கூடுகின்றனர். வாசலில் நின்று எண்ணுபவருக்கு ஒழுங்கையொன்று இருப்பதே தெரியாது.

1939 ஜனவரி 9 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்திற் சிறு குறிப்பொன்று சமர்ப்பிக்கப்பட்டது. அக்டினியத்திலிருந்து பிறந்த 87 ஆம் மூலகத்தைப் பற்றிய அக்குறிப்பிற் பெரேயின் பெயர் ஒன்றே உண்டு. உதவியாளர் ஒருவரின் பெயர் தனித்து அவ்வாறு வருவது எளிதான காரியமன்று. பெரன் முதலியோர் மொல்டேவியத்தைக் கைவிடச் சிலகாலஞ் சென்றது. எனினும் இரசாயனச் சான்றுக்கு எதிராக நிற்க ஒன்றுமில்லை. இயற்கையிலே முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்ட மூலகங்களின் வரிசையில் இதுவே கடைசி. பின்வந்தவை யாவும் முதலில் மனிதன் ஆக்கியவை.

பெயர் வைப்பதிலும் ஒரு சிறு வேடிக்கை நடந்தது. முதலில் அதனை 'அக்டினியம் கே' என வழங்கினர். பெரே, எல்லாவற்றிலும் எளிதாக இலத்திரனை இழந்து கற்றயன் ஆவது இதுவே எனக் கருதி, 'கற்றியம்' எனப் பெயரிட விரும்பினார். ஆங்கிலம் பேசுவோர் காதுக்கு அது பூனையை நினைவூட்டும் என ஐரீன் அம்மையார் மறுத்தார். பின்னரே தாய்நாட்டின் பெயரால் பிரான்சியம் என்றார் பெரே. 1949 இல் சர்வதேச இரசாயனச் சங்கம் அதனை ஏற்றது. 1875 இற் கண்ட கலியமும் அந்நாட்டின் பழம் இலத்தீன் பெயரைத் தாங்கியதே; ஆக, பிரான்சு அட்டவணையில் இரு ஆசனங்கள் பெற்றது. உருசியம், வேர்ஜினியம், மொல்டேவியம் என்ற பெயர்களை எண்ணிப் பார்க்கும்போது, மூலகங்களுக்கு நாட்டுப் பெயர் சூட்டும் ஆசையைச் சற்று அடக்கியிருந்தாற் சிலர் அவமானத்திலிருந்து தப்பியிருப்பர் என்றே எமக்குத் தோன்றுகின்றது. கண்டுபிடித்தவரை விட்டுவிடலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு.

மூலகமொன்றைக் கண்டுபிடித்தவருக்குப் பட்டம் இல்லை. கலாநிதிப் பட்டத்திற்கு விண்ணப்பிக்க முதற் பட்டத்துக்குரிய தகுதி வேண்டும். ஆகவே தமது பெயர் விஞ்ஞான வரலாற்றில் ஏறிய பின்னர் பெரே சோர்போனுக்குச் சென்று, தம்மிலும் இளைய மாணவரோடு வாங்கிலிருந்து படித்துச் சித்தியெய்தினார். போர்க்காலமும் அதனூடே கழிந்தது. 1946 மார்ச்சில், 36 வயதில், 87 ஆம் மூலகத்தைப் பற்றிய ஆய்வேட்டிற்குக் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1949 இல் ஸ்திராஸ்பூர்க் பல்கலைக் கழகம் அணுக்கரு இரசாயனப் பேராசிரியர் பதவியைக் கொடுத்தது. வைத்தியராக விரும்பிய சிறுமியின் ஆசை அங்கே வேறுருவில் எழுந்தது. எலிகளுக்குப் பிரான்சியத்தைக் கொடுத்து ஆராய்ந்தபோது, அது புற்றுக் கட்டிகளிற் சென்று சேர்வதைப் பெரேயின் ஆய்வுகள் காட்டின. அவ்வாறாயின் ஆரம்ப நிலையிலேயே புற்றுநோயைக் கண்டறிய இது உதவுமன்றோ? தமது மூலகம் நோயாளருக்குப் பயன்பட வேண்டுமென்பதே அவருடைய பெருவிருப்பமாயிற்று.

அவ்விருப்பம் நிறைவேறவில்லை. 22 நிமிட ஆயுளும், அணுக்கணக்கான அளவுமுடைய பொருளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதெப்படி? அதனிலும் கொடியது, நோய் அவரையே பற்றியது. இரேடிய நிலையத்தில் அவர் உழைத்த காலத்தில் கதிர்ப் பொருள்களைக் கையாளுவதில் இன்றுள்ள காப்பு முறைகள் இல்லை. உடலினுட் சென்ற அக்டினியம் எலும்பிலும் ஈரலிலும் தங்கிக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். ஐரீன் அம்மையார் 1956 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். பெரேயும் புற்றுநோய்க்கு ஆளாகி, நீண்ட காலம் சிகிச்சையிலே கழித்தார். கதிரோடு உழைப்போருக்குத் தக்க காப்பு வேண்டுமென அவர் வற்புறுத்தி வந்தார். அதன் அவசியத்தைத் தம் உடலால் அறிந்தவர் வேறு யாதைச் சொல்வார்?

1962 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை நிருப அங்கத்தவராகத் தெரிந்தது. 1666 இல் நிறுவப்பட்ட அக்கழகம் 296 ஆண்டுகளில் எவ்வகையிலேனும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது அதுவே முதன்முறை. இருமுறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரிக்கே 1911 இல் மிகச் சில வாக்குகளால் இடம் மறுத்த கழகம் அது! முழு அங்கத்தவராக ஒரு பெண் அமர 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரே அம்மையார் 1975 மே 13 இல், 65 வயதில், லூவ்சியென் என்னுமூரிற் காலமானார்.

இனிப் பிரான்சியத்தின் குணங்களைப் பற்றி. அதனை எவரும் கட்டியாகக் கண்டதில்லை, காணவும் முடியாது. காணத்தக்க அளவு சேர்ந்தால் அதன் சொந்தக் கதிரின் வெப்பமே அதனை ஆவியாக்கிவிடும். ஆதலின் நிறம், உருகுநிலை என்று நூல்களிற் காண்பவை யாவும் கணித்துச் சொன்னவை. உருகுநிலை 27 பாகை என முன்னர் எழுதினர். பிந்திய கணிப்பொன்று 8 பாகை என்கின்றது. யுரேனியத் தாதுவில் ஏறத்தாழ 1 இன் பின் 18 பூச்சியங்கள் இட்ட தொகை யுரேனிய அணுக்களுக்கு ஒரு பிரான்சிய அணு உண்டு. முப்பதுக்கு மேற்பட்ட சமதானிகள் இன்று தெரியும். அவற்றுள் நீண்ட ஆயுளுடையது பெரே கண்ட 223 நிறையுடையதே. இயற்கையிற் காணப்படும் மூலகங்களுள் இதனிலும் நிலையற்றது இல்லை.

எல்லாவற்றிலும் உக்கிரமானது என்ற பழைய எண்ணத்திற்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கருவில் 87 நேரேற்றங்கள் இருத்தலால் பிரான்சியத்தின் இலத்திரன்கள் கருவினருகே பெருவேகத்தோடு இயங்குகின்றன. ஐன்ஸ்டைனின் சார்புத் தத்துவப்படி அவ்வேகத்தின் விளைவாகக் கடைசி இலத்திரனும் சற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. அவ்விலத்திரனைப் பறிக்கச் சீசியத்திற்கு 3.89 இலத்திரன்-வோல்ற்றுச் சத்தி போதும், பிரான்சியத்திற்கு 4.07 வேண்டும். அண்ணனாகிய சீசியமே எளிதில் இழப்பவர். பெரே விரும்பிய கற்றியம் என்ற பெயர் நிலைத்திருந்தால் அது இன்று பொருந்தாப் பெயராயிருக்கும். பூனை காப்பாற்றியது!

பிரான்சிய அணுவின் ஒளி 1978 வரை எவருக்கும் தெரியாது. அவ்வாண்டில் ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக அதன் நிறமாலைக் கோடொன்றைக் கண்டனர்; கண்ணுக்குப் புலனாகும் செந்நிறத்தின் கடைசி ஓரத்தில், 718 நானோமீற்றரில் அது இருந்தது. பின்னர் அமெரிக்காவின் ஸ்ரோனி புறூக் பல்கலைக் கழகத்தார் தாதுவை நாடாது தாமே பிரான்சியத்தை ஆக்கினர். பொன் தகட்டின்மேல் ஒட்சிசன் அணுக்கருக்களைப் பெருவேகத்தோடு மோதினர். பொன்னின் எண் 79, ஒட்சிசனின் எண் 8, கூட்டினால் 87. ஈயத்தைப் பொன்னாக்க வாழ்நாளைத் தொலைத்த பழைய இரசவாதிகள், பொன்னை அடித்து மூன்று நிமிடம் நிற்கும் பொருளாக்கும் இவர்களைக் கண்டால் என்ன சொல்வார்களோ! அவ்வாறு பிறந்த 210 நிறையுடைய பிரான்சியத்தின் அரைவாழ்வு 3 நிமிடத்திற்குச் சற்று மேல். அவ்வணுக்களை லேசர் ஒளியாலும் காந்தத்தாலும் வெற்றிடத்தில் அந்தரத்தே நிறுத்திய செய்தி 1996 இல் வெளிவந்தது. பின்னர் ஒரே வேளையில் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட அணுக்களைப் பிடித்து, அவை ஒளிரும் சிறு பொட்டைப் படமும் எடுத்தனர். அவ்வளவே பிரான்சியத்தின் முகம்.

அக்டினியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 21.8 ஆண்டு. 1939 இல் பெரே சுத்தஞ் செய்த அக்டினியம் 1961 அளவிற் பாதியாகியிருக்கும். 1983 அளவிற் காற்பங்காகவும் 2005 அளவில் அரைக்காற்பங்காகவும் குறைந்திருக்கும். அதன் மிச்சம் எங்கேனும் ஒரு குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்குமாயின், அதிலே சிதையும் ஒவ்வோர் ஆயிரத்திலும் பதினான்கு அணுக்கள் வீதம் பிரான்சியம் இப்பொழுதும் பிறந்து, இருபத்திரண்டு நிமிடக் கணக்கிலே மறைந்துகொண்டிருக்கும்.